தோட்டக் கதைகளில் உடைமையாளர் எங்கே?

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் ‘பொருள்செயல்வகை’ என ஓர் அதிகாரம் வகுத்து, பொருளை ஈட்டுக என்று தயக்கமின்றிக் கூறினார். அறத்துப்பாலில் ‘ஒப்புரவறிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்து, ஈட்டிய பொருள் ஊருக்குப் பயன்பட வேண்டும் என்றார். எவர்க்கும் பயன்படாத செல்வத்தைப் பழிப்பதற்கு ‘நன்றியில்செல்வம்’ என மற்றோர் அதிகாரமும் செய்தார். இம்மூன்றையும் சேர்த்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். செல்வரை வெறுப்பது வள்ளுவர் காட்டிய நெறியன்று. பொருள் எவ்வழியில் வந்தது, எவர்க்குப் பயன்பட்டது என வினவுவதே அவர் நெறி.

அவ்விரு வினாக்களோடு, அப்பொருள் யாருடையது என்னும் மூன்றாவது வினாவையும் சேர்த்துக்கொண்டு, நம் நாட்டு இரப்பர்த் தோட்ட வாழ்வைக் கூறும் புனைகதைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வகுப்பறையில் இக்கதைகளைக் கற்பிக்கும் நாம், துயரத்தை எடுத்துக்காட்டுவதோடு நின்றுவிடுகிறோம். துயரத்தின் காரணத்தை எடுத்துக்காட்டுகிறோமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கதைகளின் கொடியவர்

தோட்டத்தைக் களமாகக் கொண்ட நம் சிறுகதைகளில் கொடியவர் யார் என்று கேட்டால் மாணவர்கள் உடனே விடை கூறிவிடுவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு அதட்டும் மண்டோர், பால் நிறுக்கும்போது எடையைக் குறைத்து எழுதும் கிராணி, பங்களாவிலிருந்து இறங்கி வரும் துரை ஆகிய மூவருமே அவர்கள். இக்கதைகளில் எரியும் சினம் பொய்யன்று. பாம்புக்கும் அட்டைக்கும் நடுவே நிரை பிடித்து மரம் வெட்டிய நம் பாட்டன்மாரின் வாழ்வுக்கு அவை சான்று பகர்கின்றன. அச்சான்று இல்லையேல் நம் வரலாற்றின் பெரும்பகுதி ஊமையாகிப் போயிருக்கும்.

ஆயினும் திறனாய்வு நோக்கில் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலாது. மண்டோரும் கிராணியும் துரையும் சம்பளம் பெற்ற ஊழியர்களே. அம்மூவருள் எவரும் தோட்டத்தின் உடைமையாளர் அல்லர். உடைமையாளர் கதையில் தலைகாட்டுவதே இல்லை.

இதனை நான் நூலில் கற்கவில்லை. இளம் ஆசிரியனாக ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், அத்தோட்டம் விற்கப்பட்டு லயத்து வீடுகளைக் காலி செய்யுமாறு கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் அக்கடிதத்தை என்னிடம் கொணர்ந்து படித்துக் காட்டச் சொன்னார். நான் படித்து முடித்ததும், “வாத்தியாரையா, வீடு கம்பெனியோடதுன்னு தெரியும். வாசல்ல நிக்கிற மாமரம் நான் வச்சது. அதுக்காவது ஏதும் குடுப்பாங்களா?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தோட்டத்து மக்கள் மேலாளரைத் திட்டித் தீர்த்தனர். அதே மாதத்தில் மேலாளரும் தம் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு பங்களாவைக் காலி செய்தார். அவர் கைக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. மக்களின் சினம் முழுவதும் எவர் மீது பாய்ந்ததோ, அவருக்கே அம்மண்ணில் பிடி மண்கூடச் சொந்தமில்லை என்பதை அன்று கண்டேன்.

பத்திரத்தில் இருந்த பெயர்

அப்படியானால் மண் யாருடையதாக இருந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏறியபோது, லண்டனில் பங்கு வெளியிட்டுத் திரட்டிய முதலைக் கொண்டு மலாயாவில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. கத்ரி, ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்பீல்டு போன்ற முகவாண்மை நிறுவனங்கள் அவற்றை நிருவகித்தன. பங்குதாரர்களுள் பெரும்பாலோர் பால்மரத்தைக் கண்ணால் கண்டதில்லை. நாடு விடுதலை பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னும், 1970-இல் மேற்கு மலேசிய நிறுவனங்களின் பங்கு முதலில் 60 விழுக்காட்டுக்கு மேல் அயல்நாட்டவர் வசமே இருந்தது. இந்தியர் வசம் இருந்ததோ ஏறத்தாழ 1 விழுக்காடு.

1981 செப்டம்பர் 7-ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தையில், சில மணி நேரத்திற்குள், கத்ரி நிறுவனத்தின் கட்டுப்பாடு மலேசிய அரசு சார்ந்த பெர்மோடாலான் நேஷனல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. நாட்டு நோக்கில் அது பெருமைக்குரிய நிகழ்ச்சியே. ஆனால் மரம் வெட்டும் தொழிலாளி மறுநாளும் வழக்கம்போல் பெரட்டுக்குச் சென்றார். அவர் தலைமேல் உடைமை கைமாறிற்று. அவர் குடியிருந்த வீடோ முன்போலவே வேலையோடு வந்து வேலையோடு போகும் வீடாகவே இருந்தது. இத்துணை நுட்பமான சோகத்தை மையமாகக் கொண்ட சிறுகதை ஒன்றை நான் இதுவரை படித்ததில்லை.

‘தி ரிட்டர்ன்’ காட்டும் உண்மை

தமிழில் எழுதப்படாத ஒரு புதினத்தை ஈண்டு எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942-இல் பிறந்து, 2020-இல் மறைந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ 1981-இல் வெளிவந்தது. கதை கூறும் ரவி, நம்மில் பலரைப் போல் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்பியவன். அவன் பாட்டி பெரியாத்தா மூட்டையோடும் மூன்று சிறுவர்களோடும் இந்நாட்டுக்கு வந்தவர். உழைத்துப் பொருள் சேர்த்து, தமக்கென ஒரு வீட்டை எழுப்பி, அதில் தம் தெய்வத்தையும் குடியேற்றியவர். எல்லாம் இருந்தும் அம்மண்ணுக்கு உரிய பத்திரம் மட்டும் அவர் கைக்கு வரவில்லை. 1958-இல் அவர் மறைகிறார். சலவைத் தொழில் செய்த அவர் மகன் நைனா, அத்தீராத ஆசையைச் சொத்தாகப் பெறுகிறார். தமக்குரிமையற்ற நிலத்தில் குடில் எழுப்பி, வெளியேறுமாறு வந்த ஆணைக்குப் பணிய மறுத்து, இறுதியில் அக்குடிலோடு எரிந்து மடிகிறார்.

இப்புதினத்தின் சிறப்பு யாது? நைனாவை அழிக்கும் கொடியவர் என்று எவரையும் ஆசிரியர் சுட்டவில்லை. அவர் எதிரே நிற்பது ஒரு காகிதம். அதனாலேயே அவர் முடிவு நம் நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது. ஒரு துரையைக் காட்டியிருந்தால் நாம் அவரை வெறுத்துவிட்டு அமைதி அடைந்திருப்போம். மணியம் அந்த அமைதியை நமக்கு அளிக்கவில்லை.

அக்காகிதத்தின் வலிமையை மாணவர்கள் அறிதல் நலம். நிலப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமை என்னும் டோரன்ஸ் முறை, 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் தோன்றிப் பின்னர் மலாய் மாநிலங்களுக்கு வந்தது. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டமும் அம்முறையையே தழுவியது. அச்சட்டத்தின்படி, பிறர் நிலத்திலோ அரசு நிலத்திலோ எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், வாழ்ந்த காரணத்தால் மட்டும் நிலவுரிமை பிறந்துவிடாது. மூன்று தலைமுறையின் வியர்வை ஒரு தட்டிலும் கிராண்டு ஒரு தட்டிலும் வைக்கப்பட்டால், கிராண்டே கனக்கும்.

புதினத்தில் ஒரு குறையும் உண்டு. நைனாவின் மண் வேட்கையை ஆசிரியர் தனி மனிதனின் பித்தாகவே வளர்த்துச் செல்கிறார். அதே வேட்கை அன்று பல்லாயிரவர் நெஞ்சில் இருந்ததும், அதற்குக் கூட்டாக ஒரு வழி தேடப்பட்டதும் கதைக்குள் வரவில்லை. 1950-களில் பிரிட்டிஷ் உடைமையாளர் பலர் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றனர். தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அறிஞர் உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் இதனை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்களே வாங்கப்பட்டன. நைனா தனியே நின்று எரிந்தார். தோட்டத்து மக்களோ சேர்ந்து நின்று வாங்கினர். இரண்டும் நம் வரலாறே. முதலாவதைப் பாடிய அளவுக்கு இரண்டாவதை நாம் பாடவில்லை.

நம் கடமை

பெருநிறுவனங்களின் மீது மக்களுக்குள்ள மனக்கசப்புக்குக் காரணம் இல்லை என்று நான் கூறவில்லை. உழைத்தவர் வெறுங்கையோடு வெளியேற, பங்கு வைத்திருந்தவர் பயனடைந்த காட்சியை நாம் கண்டிருக்கிறோம். பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. சினம் இயல்பானதே. ஆனால் சினம் மட்டும் கற்பிக்கும் இலக்கியம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. உடைமையை வெறுக்கக் கற்றுக்கொண்ட நாம், உடைமையைக் கேட்டுப் பெறக் கற்றுக்கொள்ளவில்லை. செல்வருக்கு அரணாக நிற்கும் அதே சொத்துரிமை, ஏழையின் கையில் ஒரு பத்திரமாக வந்தால் அவருக்கும் அரணாகும் என்பதை நம் கதைகள் எடுத்துரைக்க வேண்டும்.

இது நமக்கு வெளியே உள்ள செய்தியன்று. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை 500-க்குச் சற்று மேல். அவற்றுள் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். பள்ளி நின்ற நிலம் தோட்டத்தாருடையதாக இருந்தமை அதற்கு முதன்மையான காரணம். மாமரம் வைத்த முதியவரின் நிலைக்கும் நம் பள்ளிகள் பலவற்றின் நிலைக்கும் பெரிய வேறுபாடில்லை.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தோட்டக் கதை ஒன்றைக் கற்பிக்கும்போது, ‘கொடியவர் யார்?’ என்ற வினாவோடு நில்லாமல், ‘இந்நிலத்தின் கிராண்டு யார் பெயரில் உள்ளது?’ என்றும் மாணவரைக் கேளுங்கள். இளம் எழுத்தாளர்களாக மலரவிருக்கும் மாணவர்களே, அவ்வினாவுக்கு விடை தேடி ஒரு கதை எழுதுங்கள். அன்று அந்த முதியவர்க்கு என்னால் சொல்ல முடியாமற்போன விடையை, உங்களுள் ஒருவர் எழுத்தில் காண வேண்டும் என்பதே என் அவா.