தோலும் தீயும்: இசைப்பவர் அனுபவம் பற்றிய ஆய்வுகளில் திண்டுக்கல் சமவெளியின் தப்பு

இசை பற்றிய எழுத்துகளில், இசைக்கப்பட்டதை ஆராய்பவை ஒரு வகை. இசைத்தவருக்கும் கேட்டவருக்கும் என்ன நேர்ந்தது என்று ஆராய்பவை மற்றொரு வகை. தமிழில் முதல் வகை செழித்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையிலிருந்து ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917), விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) வரை, சுருதியையும் பண்ணையும் நுணுகிக் கணக்கிட்ட மரபு தமிழுக்கு உண்டு. ஆனால் கருவியைக் கையில் எடுத்தவரின் விரல் எப்படிப் பழகுகிறது, செவி எதற்குக் காத்திருக்கிறது, கூட்டம் இசைப்பவரை எப்படி மாற்றுகிறது என்ற கேள்விகள் அம்மரபில் அரிதாகவே எழுந்தன.

இக்கேள்விகளை மேலை உலகில் முன்னுக்குக் கொண்டுவந்த இசைகளுள் முதன்மையானது ஜாஸ். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் நியூ ஆர்லியன்ஸ் நகரின் கறுப்பின மக்களிடையே உருவான இவ்விசை, வாசிக்கும்போதே புதிதாகப் புனைந்துகொண்டு போவதை உயிராகக் கொண்டது. ஆகவே எழுதிவைத்த சுரக்குறிப்பை மட்டும் பார்த்து அதை விளக்கிவிட முடியாது. டேவிட் சட்னோ என்ற சமூகவியலாளர், ஜாஸ் பியானோ கற்ற காலத்தில் தம் விரல்கள் கட்டைகளின் மீது வழி கண்டுபிடித்த விதத்தையே ஒரு நூலாக்கினார் (1978). பால் பெர்லினர், கலைஞர் பலரின் வாய்மொழிகளைத் திரட்டி, எண்ணூறு பக்கங்களைத் தாண்டும் ஆய்வொன்றை 1994இல் வெளியிட்டார். இவற்றுக்கு முன்னரே, 1960இல், இசையியலாளர் மேன்டில் ஹூட் ‘இரட்டை இசைத்திறன்’ என்ற கருத்தை முன்வைத்திருந்தார். அயலார் இசையை ஆராய்பவர் தம் இசையில் தேர்ந்திருப்பது போல அவ்விசையையும் வாசிக்கக் கற்றாக வேண்டும் என்பதே அதன் பொருள்.

இந்த அளவுகோலைத் தமிழகத்தில் பொருத்திப் பார்க்கத் திண்டுக்கல் சமவெளி தக்க களம். சிறுமலையையும் கொடைக்கானல் மலையையும் சுற்றி நத்தம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வேடசந்தூர் எனப் பரந்த இந்நிலத்தில், நாகசுரமும் தவிலும் பம்பையும் சேர்ந்த நையாண்டி மேளம் ஒருபுறம் ஒலிக்க, ராஜகம்பளத்தாரின் தேவராட்டத்துக்குரிய தேவதுந்துபியும் சேவையாட்டத்துக்குரிய சேமக்கலமும் மறுபுறம் ஒலிக்கின்றன. பழனிக்குக் காவடி செல்லும் காலத்தில் சாலைகளே அரங்காகிவிடுகின்றன. தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல் பக்கத்தில் தோற்கருவிகள் மிகுந்திருப்பதை வெறும் தற்செயலாகக் கொள்ளலாமா என்பது தனியே ஆராயத்தக்கது. இவை அனைத்தினும் அதிகமாக ஆராயப்பட்டதும், குறைவாகக் கேட்கப்பட்டதும் தப்பு எனப்படும் பறையே.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் ஒன்றாக எண்ணுகிறது. அங்கே அச்சொல் தோற்கருவி எதற்கும் பொதுப்பெயர். இன்று தப்பு என்று வழங்குவது வட்டச் சட்டத்தின் ஒரு முகத்தில் மட்டும் தோல் போர்த்திய கருவி. வேப்ப மரத்தில் வளைவாகச் செதுக்கிய துண்டுகளை இரும்புப் பட்டைகளால் இணைத்துச் சட்டமாக்கி, கன்றின் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவது பழைய முறை. வலக்கைக்குரிய குட்டையான குச்சி அடிக்குச்சி. இடக்கைக்குரிய நீண்டு மெலிந்த மூங்கில் சிம்பு சுண்டுக்குச்சி. முன்னது நடுத்தோலில் விழுந்து கனத்த ஒலியைத் தர, பின்னது தோலைச் சுண்டிக் கூரிய ஒலியை எழுப்புகிறது. இவ்விரண்டும் மாறிமாறிப் பின்னும் தாளக்கோவையை ‘அடி’ என்பர். சாவடி, சாமிச்சாட்டு அடி, சப்பரத்தடி என நிகழ்ச்சிக்கேற்ப அவற்றின் பெயர்கள் மாறும். கேட்பவர் கண்ணால் பாராமலே, எழுந்தது எவ்வகை நிகழ்ச்சி என்பதை அடியிலிருந்து அறிந்துகொள்கிறார் என்றால், இது வெறும் தாளமாக நில்லாமல் ஊருக்குச் சொல்லப்படும் செய்தியாகவும் இயங்குகிறது என்றாகிறது. ‘பறைதல்’ என்ற வினைக்குச் சொல்லுதல் என்ற பொருள் இருப்பதை ஆய்வாளர் பலர் இங்கே நினைவூட்டுவர்.

வாசிப்பவரின் அனுபவம் முதல் அடிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஈரத்தில் தளர்ந்த தோல் மந்தமாக ஒலிக்குமாதலால், வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, தீயருகே தப்பைப் பிடித்துச் சுழற்றிக் காய்ச்சுகிறார்கள். எவ்வளவு காய்ந்தால் போதும் என்பதற்கு எந்த அளவையும் கிடையாது. விரலால் தட்டிக் கேட்கும் செவியே முடிவு செய்கிறது. சற்றுக் கூடினால் தோல் கிழியும். ஆட்டத்தின் நடுவே தோல் மறுபடி தளர்ந்தால் மறுபடி தீ மூட்ட வேண்டும்; அந்த இடைவெளியிலேயே அடுத்த அடி எது, யார் எடுத்துக் கொடுப்பது என்பதும் முடிவாகிறது. ஜாஸ் குழுவினர் மேடைக்கு முன் சுருதி கூட்டும் நேரத்தோடு இதை ஒப்பிடலாம். ஆயினும் அங்கே இல்லாத ஒன்று இங்கே உண்டு: தப்படிப்பவர் ஆடிக்கொண்டே அடிப்பவராகையால், கால் பிசகினால் கையும் பிசகும்.

இத்தகைய நுட்பங்களை இதுவரையான ஆய்வுகள் எந்த அளவுக்குப் பதிவு செய்திருக்கின்றன? கே. ஏ. குணசேகரன் (1955–2016) ஆய்வாளராகவும் மேடைப் பாடகராகவும் ஒருங்கே இயங்கியவர் என்பதால், அவருடைய எழுத்துகளில் கலைஞரின் மூச்சு தெரிகிறது. மு. வளர்மதியின் ‘பறை’ நூல் கருவியின் அமைப்பையும் அடி வகைகளையும் தொகுத்த வகையில் அடிப்படை நூல். இவற்றையடுத்து வந்தவற்றுள் பெரும்பகுதி பறையை ஒரு குறியீடாகவே, அதாவது இழிவின் குறியீடாகவோ எதிர்ப்பின் குறியீடாகவோ, வாசித்தது. சாவுக்குத் தப்படிப்பது சாதி சுமத்திய கட்டாய ஊழியமாக இருந்ததால் அதைக் கைவிட வேண்டும் என்று தலித் இயக்கத்தாரில் ஒரு சாராரும், அதைக் கலையாக மீட்டெடுக்க வேண்டும் என்று மறுசாராரும் வாதிட்ட சூழலில் இது இயல்பே. எனினும், பொருளைப் பேசிய வேகத்தில் ஒலி விடுபட்டுப் போனது.

விடுபட்டதை ஓரளவு ஈடுசெய்தவர் சோயி ஷெரினியன். அமெரிக்காவைச் சேர்ந்த இந்த இசையியலாளர் மிருதங்கமும் ஜாஸ் டிரம்ஸும் பழகிய கையோடு தப்பும் கற்றவர். பரமக்குடி அருகே முனைவென்றியில் குறிஞ்சி மலர் குழுவினரைப் பற்றி 2011இல் வெளிவந்த அவருடைய ஆவணப்படம், கற்பவரின் இடத்திலிருந்து கேள்வி கேட்கிறது. அவருடைய ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ படம் திண்டுக்கல்லுக்கே உரியது. அருட்சகோதரி சந்திராவும் தோழியரும் 1990இல் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில், படிப்பை இடையில் விட்ட ஏழை இளம்பெண்கள் தையல் முதலிய தொழில்களோடு தப்பாட்டமும் பயில்கிறார்கள். ஆண்கள் மட்டுமே எடுத்த கருவியைப் பெண்கள் எடுத்ததில் உள்ள சமூகப் பொருள் வெளிப்படை. குனிந்து நடக்கப் பழக்கப்பட்ட உடல், காலை அகட்டி நின்று தோளிலிருந்து வீச்செடுக்கப் பழகும்போது அடைகிற மாற்றம் அதைவிட நுட்பமானது. எழுத்தைவிடப் படமே அதை நன்கு காட்டியிருக்கிறது.

கேட்போர் பற்றிய ஆய்வுகள் இன்னும் குறைவு. தமிழகக் கிராமமொன்றில் கேசட் பாடல்களை ஒலிபெருக்கியில் போடுவதையே ஒரு வழிபாட்டுச் செயலாகக் கண்ட பால் கிரீனின் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையும், வட தமிழகச் சாவு வீட்டுப் பாடல்களை ஆராய்ந்த இசபெல் கிளார்க்-டெசேயின் 2005ஆம் ஆண்டு நூலும் விதிவிலக்குகள். நியூ ஆர்லியன்ஸிலும் பித்தளைக் கருவிக் குழுக்கள் சவ ஊர்வலத்தில் வாசித்தன. அடக்கத்துக்குப் போகையில் மெதுவாகவும் திரும்புகையில் துள்ளலாகவும் ஒலித்த அவ்விசைக்குப் பின்னால் ஆடிச் சென்ற கூட்டத்துக்கு ‘இரண்டாம் வரிசை’ என்றே பெயர். தப்புக்கு முன்னால் ஆடும் இளைஞர் கூட்டத்துக்கு அப்படி ஒரு பெயரை எந்த ஆய்வாளரும் தேடிக் கேட்டதாகத் தெரியவில்லை. இந்த ஒப்பீட்டை நீட்டிக்கவும் கூடாது: அங்கே குழுவை அமர்த்தியவை அம்மக்களின் சொந்த உதவிச் சங்கங்கள்; இங்கே அழைத்தது ஊர்க் கட்டளை.

பக்கத்து மாவட்டமான மதுரையின் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறைக்கு மதிப்பு கூடியிருப்பதில் ஐயமில்லை. அதே காலத்தில் கருவியும் மாறிவிட்டது. இரும்பு வளையத்தில் முடுக்கிய செயற்கைத் தோல் மழையிலும் தளர்வதில்லை. அதைக் காய்ச்ச வேண்டியதும் இல்லை. தோலின் ஒலியையும் இதன் ஒலியையும் வேறுபடுத்திக் கேட்கத் தெரிந்த, தீயருகே செவி பழகிய ஆசான்கள் இன்னும் இச்சமவெளியின் ஊர்களில் இருக்கிறார்கள். காந்திகிராமம் போன்ற பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கையில், அவர்களுடைய சொற்களை அவர்கள் சொல்லும் விதத்திலேயே பதிவு செய்ய நிதியோ நெடும் பயணமோ தடையாகாது. ஆய்வு மாணவர்கள் அதை உடனே தொடங்க வேண்டும், முடிந்தால் குச்சியையும் கையில் எடுத்துக்கொண்டு.