யாரைப் பின்தொடர்வது?

ரமணாசிரமத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, முகநூலில் நான் பின்தொடர்கிறவர்களை எண்ணிப் பார்த்தேன். கவிஞர்கள், விமர்சகர்கள், பேராசிரியர்கள். சேரியிலிருந்து எழுதுகிறவர்களை எண்ண ஒரு கை விரலே போதுமாயிருந்தது.

ரமணர் மறைந்தது 1950 ஏப்ரல் 14. அம்பேத்கர் பிறந்த தேதியும் அதுதான். அன்றைக்கு என் செல்போனில் மலையும் மகரிஷியும்தான். 2023 ஜனவரி 30 அன்று இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் போலீஸ் காவலோடு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். என் கவிஞர்கள் வாய் திறக்கவில்லை.

2019 நவம்பரில், ட்விட்டர் சாதி பார்த்தே நீலக்குறி தருகிறது என்று தலித் பகுஜன்கள் கொதித்தார்கள். கம்பெனி மறுத்தது. நியாயமான சண்டைதான். நான் என் கையாலேயே குத்திய குறிக்கு யாரைக் கேட்பது? நாம் யாரைப் பார்க்கிறோமோ, அவங்க ஆளுங்களையே அது மேலும் காட்டும். ஊர்த்தெருவிலேயே நடந்தால் காலனி எப்படிக் கண்ணில் படும்?

(சாதிச்சங்கப் பக்கங்கள் நாலும் வச்சிருக்கேன். எங்க கூட்டம் போடுறாங்கன்னு தெரியணுமே.)

இந்தப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி எழுதுகிறாள். டேங்க் தண்ணி காலனிக்கு என்னைக்கு வந்தது, என்னைக்கு வரலை, யார் வால்வை மூடினது, எல்லாம் தேதி போட்டு. வரிக்கு வரி ஒற்றுப்பிழை, லகர ளகரத் தடுமாற்றம். இரண்டு வருஷம் முன்பே பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டேன். எம்.ஏ. தமிழ் படிச்ச திமிரு. இலக்கிய ரசனை என்று நான் வைத்திருந்தது ஊர்க்காரன் கொடுத்த சல்லடை.

நேத்து ராத்திரிதான் அவளைச் சேர்த்தேன். எனக்கு முன்னால் 43 பேர்.