பெட்டியில்லாமல் காரில் ஏறியவன்

'மேட் மென்' தொடரின் இரண்டாவது சீசனில் ஓர் எபிசோட் உண்டு. 2008 அக்டோபர் 12 அன்று ஏஎம்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது; கதை நடப்பது 1962இல். நியூயார்க் விளம்பர நிறுவனம் ஒன்றின் தலைமைப் படைப்பாளியான டான் டிரேப்பர், விண்வெளித் துறை மாநாட்டுக்காக லாஸ் ஏஞ்சலஸ் போகிறான். விமானப் பயணத்தில் அவன் பெட்டி தொலைந்துவிடுகிறது. தங்கிய விடுதியில் ஜாய் என்ற இளம்பெண்ணும், அவளுடன் திரியும் ஐரோப்பியப் பிரபு ஒருவரும் பழக்கமாகிறார்கள். வேலைக்காக உடன் வந்த பீட் கேம்பெலை அப்படியே விட்டுவிட்டு, மாற்றுச் சட்டைகூட இல்லாமல் அவர்களுடைய காரில் ஏறி பாம் ஸ்பிரிங்ஸ் போய்விடுகிறான்.

யார் இந்தக் கூட்டம்? தொடரின் ரசிகர்கள் இந்தக் கேள்வியை விடவில்லை. வேலை இல்லை, நிரந்தர வீடு இல்லை, பணத்துக்கு மட்டும் குறைவில்லை. டான் வெயிலில் மயங்கி விழுந்தால் ஊசியோடு ஒரு மருத்துவர் வந்து நிற்கிறார். பனிப்போர் காலமாயிற்றே, ஒற்றர்களாக இருக்கலாம் என்றார்கள் சிலர். மோசடிக் கும்பல் என்றார்கள் வேறு சிலர். மயக்கத்துக்குப் பிறகு நடப்பதெல்லாம் கனவு என்பது இன்னொரு தரப்பு.

இப்படிப்பட்ட விவாதத்தை வெட்டிப்பேச்சு என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாரம் ஒரு எபிசோட் வந்த தொடர் அது. இடையில் கிடைத்த ஏழு நாட்களில் ரசிகர்கள் செய்தது, பேராசிரியர்கள் மாணவர்களிடம் கெஞ்சிக் கேட்கும் வேலை: நிதானமாகப் பார்ப்பது. தொலைந்த பெட்டி அவர்கள் கண்ணில் பட்டது. எபிசோடின் முடிவில் அது டானின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. மனைவியோ அவனை அந்த வீட்டுக்குள் விடாத நேரம். ஜாய் கையில் இருந்தது ஃபாக்னர் நாவல் என்பதையும் கவனித்தார்கள். மாநாட்டு அரங்கின் இருட்டில் ஒரே ஏவுகணையிலிருந்து பல அணுகுண்டுகள் பிரிந்து பல நகரங்களை அழிப்பதை விளக்குகிறார்களே, அந்த வகை ஏவுகணை அமெரிக்கப் படையில் சேர்ந்தது 1970இல்தான். அப்படியொரு தகவலைத் தேடிப் பிடிக்கும் ரசிகருக்கு, காலத்தை முந்திக்கொண்டு அந்தக் காட்சி ஏன் அங்கே வைக்கப்பட்டது என்ற நல்ல கேள்வியும் கூடவே கிடைத்துவிடுகிறது. அந்த சீசன் கியூப ஏவுகணை நெருக்கடியில் போய் முடிகிறது. உலகம் சாம்பலாகலாம் என்று இருட்டறையில் பார்த்துவிட்டு வந்தவன்தான், முன்பின் தெரியாதவர்களின் காரில் ஏறுகிறான்.

ஆனால் 'யார் அவர்கள்' என்ற கேள்விக்கு விடை கிடைத்தே ஆகவேண்டும் என்று நிற்கும்போது விவாதம் தடம் மாறுகிறது. மோசடிக்காரர்கள் என்றால் அவனிடமிருந்து எதையாவது பறித்திருக்க வேண்டும். அவர்கள் எதையும் எடுப்பதில்லை. ஒற்றர்கள் என்றால் எதையாவது விசாரித்திருக்க வேண்டும், எதையும் விசாரிப்பதில்லை. டானை அங்கே இழுப்பதே இந்த விசாரிக்காத குணம்தான் என்று நினைக்கிறேன். கொரியப் போரில் இறந்த அதிகாரியின் பெயரைத் திருடிக்கொண்டு வாழ்பவன் அவன். பிறவிப் பெயர் டிக் விட்மன். கடந்த காலத்தைப் பற்றி ஒரு கேள்வியும் எழாத வீடு அவனைப் பொறுத்தவரை சொர்க்கம். அந்த வீட்டிலும் ஒரு தகப்பன் இரண்டு பிள்ளைகளோடு வந்து நிற்கிறான், மனைவி விட்டுப் போனவன். அந்தப் பிள்ளைகளைக் கண்டதும் டான் கலங்குகிறான். பிறகு தொலைபேசியை எடுத்து யாரையோ அழைத்து, டிக் விட்மன் பேசுகிறேன் என்கிறான். அவர்கள் யாரென்று நாம் துருவிக்கொண்டிருக்கையில், தான் யாரென்று அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். எபிசோடின் உச்சம் அதுதான். புதிர் அவிழ்க்கும் ஆர்வத்தில் இருந்தவர்களுக்கு அது அடுத்த வாரத்துக்கான துப்பாக மட்டும் பட்டது.

கடந்த காலத்தில் நடக்கும் தொடர்களுக்கென்று தனியாக ஒரு சபலமும் உண்டு. அடுத்து வரப்போகும் வரலாறு பார்ப்பவருக்குத் தெரியும். உடனே கதையை நாட்காட்டியில் கட்டிப்போடத் தோன்றும். ஆறாவது சீசனில் டானின் இரண்டாவது மனைவி மேகன், நடிகை ஷரோன் டேட் ஒரு புகைப்படத்தில் அணிந்ததைப் போன்ற நட்சத்திரச் சட்டையோடு வந்தாள். 1969இல் ஷரோன் டேட் கொல்லப்பட்டதால், மேகனும் கொல்லப்படுவாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1971இல் விமானத்தைக் கடத்தி 2 லட்சம் டாலரோடு பாராசூட்டில் குதித்து மறைந்த டி. பி. கூப்பர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அது டான்தான் என்றொரு ஊகமும் பரவியது. மேகன் சாகவில்லை, டான் விமானம் கடத்தவில்லை. ஊகம் பொய்த்தது பெரிய குறையல்ல. ஒரு பெண்ணின் மணவாழ்க்கை கண்ணெதிரே நொறுங்கிக்கொண்டிருந்தபோது அவள் சட்டையை மட்டும் பார்த்தோம், அதுதான் குறை.

இப்படித் துருவி ஊகிக்கும் பழக்கத்தின் பலமும் பலவீனமும் ஒன்றாக வெளிப்பட்ட இடம் பாப் பென்சன். 2013இல் வந்த அதே ஆறாவது சீசனில், எந்தப் பின்கதையும் இல்லாமல் அலுவலகத்தில் முளைத்தவன். ஜேம்ஸ் வோக் நடித்த பாத்திரம். மாறாத புன்னகை, கையில் எப்போதும் இரண்டு காபி; ஒன்று தனக்கு, மற்றது எதிரே வரும் மேலதிகாரிக்கு. தேவைப்படும் இடத்தில் சொல்லிவைத்தாற்போல் நிற்பான். அரசாங்க உளவாளி, மாறுவேட நிருபர், டானுக்கு எங்கோ பிறந்த மகன், கொலைகாரன் என்றெல்லாம் ஊகங்கள் பெருகின. அவன் இன்னொரு டான் டிரேப்பராக இருக்கலாம் என்றவர்களும் இருந்தார்கள். காபிக் கோப்பையையும், தன் அறையில் அவன் தனியே கேட்கும் சுயமுன்னேற்ற இசைத்தட்டையும் கவனித்து அந்த முடிவுக்கு வந்தார்கள். சரியாகவே கணித்தார்கள். சீசன் முடியும் தறுவாயில் பீட் விசாரித்தறிகிறான்: பாப் சொன்ன படிப்பும் பரம்பரையும் பொய், முன்பு ஒரு பெரிய மனிதரிடம் ஏவலாளாக இருந்தவன். 1960இல் டானின் ரகசியத்தை முதலாளியிடம் போட்டுடைத்து மூக்குடைபட்ட பீட், இம்முறை வாயை மூடிக்கொள்கிறான். முதல் சீசனையும் ஆறாவதையும் இப்படி இணைத்துப் படிக்க நமக்குக் கற்றுக்கொடுத்தது அந்த விவாதம்தான். அந்தக் கடனை மறுக்க மாட்டேன்.

மறுபக்கமும் இருக்கிறது. பாப் ஒருபாலீர்ப்பு உடையவன், பீட்டை விரும்புகிறான். முழங்காலால் மெல்லத் தொட்டு அதைத் தெரிவிக்கிறான், பீட் அருவருப்போடு விலகுகிறான். கதை நடப்பது 1968இல். நியூயார்க்கில் ஒருபாலீர்ப்பினர் கிளர்ந்த ஸ்டோன்வால் எழுச்சிக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. இத்தகையவர்கள் கூடும் மதுக்கூடங்களில் போலீஸ் சோதனை வழக்கமான காலம். இதே தொடரில் பாப்பைப் போன்ற இன்னொருவனான சால்வட்டோர், ஒரு வாடிக்கையாளரின் ஆசைக்கு இணங்க மறுத்ததால் வேலையை இழந்தவன். பாப் மறைத்ததெல்லாம் பிழைத்திருப்பதற்காக. அவனிடம் ஏதோ மறைந்திருக்கிறது என்பதை அத்தனை பேரும் மோப்பம் பிடித்தோம். ஆனால் என்ன தீங்கு செய்யப்போகிறான் என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்டவர்கள் குறைவு.

அந்த சீசனை இப்போது மறுபடி பார்க்கும்போது, லிஃப்டுக்குள் அவன் டானிடம் காபியை நீட்டும் காட்சியில் நிறுத்திவிடுகிறேன். முதல்முறை பார்த்தபோது ஏதோ சதியின் தொடக்கம் என்று நினைத்த புன்னகை அது. இப்போது அதில் தெரிவது ஒப்பித்துப் பழகிய ஒருவனின் கவனம். எந்த வார்த்தையில் தான் பிடிபட்டுவிடுவோமோ என்று, எதிரில் நிற்பவரின் முகத்தை அவன் படித்துக்கொண்டிருக்கிறான்.