முதல் அளவீடும் நூறாவது அளவீடும்

கம்பளையிலிருந்து கெலிஓயா, பேராதனை வழியாகக் கண்டிக்குப் போய், அங்கிருந்து பல்லேகலை வரை நீளும் சிறிய நிலப்பரப்புக்குள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போலத் தோன்றும் நான்கு துறைகளில் பரிசோதனை ஆய்வு நடக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகமும், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி ஹந்தானை வீதியில் இயங்கும் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனமும் குறைகடத்திகள், காரீயம் சேர்ந்த புதுப் பொருள்கள், நுண்ணுயிர்க் கலங்கள் ஆகியவற்றை ஆராய்கின்றன. பல்லேகலையில் நில அதிர்வு நிலையம் இருக்கிறது. இந்த ஆய்வுகளைச் சிறிய நாட்டின் பெரும் சாதனை என்று சிலர் புகழ்கிறார்கள். வரிப்பணம் வீண் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ஆய்வுகூடத்துக்குள் எது நன்றாக நடக்கிறது, எது நடக்காமல் போகிறது என்று இரு தரப்பும் பார்ப்பதில்லை. என் கணிப்பு இது: குறைந்த செலவில் முதல் அளவீட்டை எடுப்பதில் கண்டி ஆய்வாளர்கள் உலகத்தில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அதே அளவீட்டை நூறாவது தடவை எடுக்கும் இடத்தில்தான் நாம் பின்தங்குகிறோம்.

குறைகடத்தியில் இதைத் தெளிவாகக் காணலாம். 1991இல் பிரையன் ஓரீகனும் மைக்கேல் கிரெட்செலும் சாயத்தால் ஒளியை உறிஞ்சும் சூரியக் கலமொன்றை வெளியிட்டார்கள். தைத்தானியம் ஈரொட்சைட்டின் நுண்துளைப் படலம், அதில் ஒட்டிய சாயம், துளைகளை நிரப்பும் திரவ மின்பகுபொருள் என்பது அதன் அமைப்பு. திரவம் கசியும், ஆவியாகும். அந்தத் திரவத்துக்குப் பதிலாகத் திண்மம் ஒன்றை வைக்க முடியுமா என்று ஹந்தானையில் கீர்த்தி தென்னக்கோனும் அவருடைய மாணவர்களும் முயன்றார்கள். 1995இல் அவர்கள் வெளியிட்ட கலத்தில் திரவத்தின் இடத்தில் செப்பு அயடைட்டு இருந்தது. சாயமாக வைத்தது சயனிடின்: பூக்களுக்கும் பழங்களுக்கும் சிவப்பைத் தரும் அதே நிறமி.

இந்தத் தேர்வின் கூர்மையை நாம் போதிய அளவு பாராட்டியதில்லை. செப்பு அயடைட்டு நேர் மின்னேற்றத்தைக் கடத்தும். ஒளியை ஊடுருவவும் விடும். அதைக் கரைப்பானில் கரைத்துச் சூடான தட்டில் வைத்த படலத்தின் மேல் துளித்துளியாக விட்டால் போதும். வெற்றிட அறையும் வேண்டாம், கோடி ரூபாய் இயந்திரமும் வேண்டாம். கையில் இருக்கும் வசதிக்குள் தீர்க்கக்கூடியதும், உலகம் அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்ததுமான ஒரு கேள்வியைக் கண்டுபிடிப்பது அரிய திறமை. அது அங்கே இருந்தது.

குறையும் அதே கலத்துக்குள் இருந்தது. செப்பு அயடைட்டின் பளிங்குகள் பெருத்து வளர, நுண்துளைகளோடு இருந்த தொடர்பு அறுந்துபோகும், மின்னோட்டம் விழும். முதல் நாள் நன்றாகத் தெரிந்த கலம் நிலைக்கவில்லை. பளிங்கு வளர்ச்சியைத் தடுக்கச் சிறிதளவு உப்பொன்றைச் சேர்க்கும் வழி 2002இல் வெளிவந்தது. அதைச் செய்தவர்களில் நம்மவர்களும் உண்டு; வேலை நடந்த இடம் ஜப்பானின் ஷிசுவோக்கா. 2017இல் சுவிற்சர்லாந்தின் லொசானில் கிரெட்செலின் குழு, ஹந்தானையில் நன்கு பழகிய இன்னொரு பொருளான செப்பு தயோசயனேற்றைப் பெரோவ்ஸ்கைற்று வகைச் சூரியக் கலத்தில் பயன்படுத்தி 20 சதவீதத்துக்கு மேல் வினைத்திறன் காட்டியது. அந்த ஆய்வில் என் மனதை நிறுத்தியது வேறொரு எண். 60 பாகை வெப்பத்தில், முழு வெயிலுக்கு ஈடான ஒளியில், 1000 மணித்தியாலம் ஓடிய பிறகும் கலம் தன் தொடக்க வினைத்திறனில் 95 சதவீதத்துக்கு மேல் தக்கவைத்திருந்தது. செப்புச் சேர்மத்துக்கும் பொன் மின்வாய்க்கும் இடையில்தான் சிதைவு தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, அங்கே தாழ்த்திய கிராபீன் ஒட்சைட்டின் மெல்லிய படலம் ஒன்றை வைத்தார்கள். நீண்ட நேரம் அளந்தால்தான் எங்கே பழுதாகிறது என்று தெரியும்.

அந்தப் படலத்தின் மூலப்பொருள் காரீயம். பாறை வெடிப்புகளில் படிந்த, 95 சதவீதத்துக்கு மேல் காபன் கொண்ட காரீயத்தைக் கஹட்டகஹ, போகல சுரங்கங்களிலிருந்து நாம் இன்னும் பெருமளவு மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்கிறோம். அதை லிதியம் மின்கலத்தின் மின்வாய்க்கு ஏற்றபடி தூய்மையாக்கும் ஆய்வுகள் கண்டியில் நடந்திருக்கின்றன. இறப்பர், பல்பகுதியம், களிமண் ஆகியவற்றோடு சேர்த்துக் கலப்புப் பொருள் செய்யும் முயற்சிகளும் உண்டு. நல்ல வேலைகள். ஆனால் இலங்கைக் காரீயம் ஒரே மாதிரியானது அல்ல. ஊசி போன்றது, தட்டையானது, நார் போன்றது என்று அதன் வடிவம் மாறும். ஒரு சுரங்கத்திலிருந்து வந்த மாதிரியில் கிடைத்த சராசரி, தொழிற்சாலைக்காரருக்கு எதையும் உறுதி செய்யாது.

கல உயிரியலில் விளைவு இன்னும் கடுமையாகச் சுட்டது. பங்கசுக் கலங்களும் பற்றீரியாக் கலங்களும் ஒன்றோடொன்று ஒட்டி உயிர்ப்படலம் அமைக்கும்போது தனித்தனியே செய்யாத வேலைகளைச் சேர்ந்து செய்கின்றன என்ற கருத்தில் காமினி செனெவிரத்னவின் குழு ஹந்தானையில் உயிர்ப்பசளை ஒன்றை உருவாக்கியது. தேயிலையிலும் நெல்லிலும் இரசாயனப் பசளையைப் பாதி வரை குறைக்கலாம் என்பது அதன் முன்மொழிவு. ஆய்வுகூடக் கண்ணாடியிலிருந்து வயலுக்கு இறங்கியதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை முழுமையாகத் தடை செய்தது. நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. பாதியாகக் குறைக்கலாம் என்ற எந்தப் பரிசோதனையும், முற்றாக நிறுத்தலாம் என்பதற்குச் சான்று ஆகாது. அதைச் சத்தமாகச் சொல்ல, பல மாவட்டங்களில், பல போகங்களில், கண்டுபிடித்தவரோடு தொடர்பில்லாத வேறு குழுக்கள் எடுத்த வயல் அளவீடுகள் விவசாயியின் கையில் இருந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் முதலில் குறைவது நாட்சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணின் வேலை நாள். அவளிடம் யாரும் தரவைக் காட்டவில்லை.

சிறிய நாடு முதல் வழியைத் திறந்து விடட்டும், மீதியைப் பணக்கார நாடுகள் பார்த்துக்கொள்ளும் என்று வாதிடலாம். சூரியக் கலத்துக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும்: லொசானில் 1000 மணித்தியாலம் அளந்தால் அந்த அறிவு நமக்கும் வரும். நம் மண்ணையும் மலையையும் லொசானில் எவரும் அளக்கமாட்டார். இலங்கை ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். இருந்தும் பணத்தை மட்டும் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பதவி உயர்வுக்குப் புதிய கட்டுரை எண்ணப்படுகிறது. மற்றவரின் முடிவைத் திரும்பச் செய்து பார்த்ததும், எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று எழுதியதும் எண்ணப்படுவதில்லை. ஒரு கலத்தை இரண்டு ஆண்டு வெயிலில் வைத்து அளக்கும் மாணவருக்குக் கட்டுரை ஒன்று. ஆறு சாயங்களை மாற்றிப் பார்த்தவருக்கு ஆறு. எந்த மாணவர் முதலாவதைத் தேர்வார்?

நில அதிர்வில் இந்தக் குறை மலையக மக்களைத் தொடுகிறது. பல்லேகலை நிலையம் உலக நில அதிர்வு வலையமைப்பின் ஒரு கண்ணி. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவில் ஏற்பட்ட 9.1 அளவிலான நடுக்கத்தின் அலைகள் நிலத்தின் வழியே சில நிமிடங்களில் இலங்கையை அடைந்தன. இங்கே நிலம் 9 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியது கருவியில் பதிந்தது. பூமி முழுவதும் மணிபோல் அதிர்ந்ததை விளக்கிய ஆய்வுகளுக்கு அத்தகைய பதிவுகள் உதவின. கடல் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்தே கிழக்குக் கரைக்கு வந்தது. கரையில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போகவில்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிகச் சிறந்த அளவீடு. அதை உடனே வாசித்துச் சொல்லும் ஏற்பாடு அன்று இருக்கவில்லை.

2020 ஆகஸ்ட் 29 இரவு திகன, ஹாரகம பகுதிகளில் நிலம் குலுங்கியது. நவம்பரிலும் டிசம்பரிலும் மறுபடி. சுண்ணாம்புக்கல் அகழ்வா, 122 மீற்றர் உயர விக்டோரியா அணை தாங்கும் நீரின் எடையா, பழைய பாறைப் பிளவா என்று ஊகங்கள் பறந்தன. அருகில் ஒரே நிலையம் இருக்கும்போது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். முதலில் வந்துசேரும் நெருக்கலைக்கும் பின்னால் வரும் குறுக்கலைக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கிறார்கள். அந்த இடைவெளியின் ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் 8 கிலோமீற்றர். பத்தில் ஒரு விநாடி பிசகினாலும் ஒரு கிலோமீற்றர் வரை தள்ளிப்போகும். நம்பகமான இடம் சொல்லக் குறைந்தது மூன்று நிலையங்கள் வேண்டும். ஆழத்துக்கு இன்னும் நெருக்கமாக வேண்டும். ஹக்மனவிலும் மஹகனதராவவிலும் உள்ள நிலையங்கள் இத்தகைய சிறு குலுங்கலுக்கு வெகுதூரம்.

இந்தியாவின் மகாராஷ்டிராவில், கொய்னா நீர்த்தேக்கத்துக்கு அருகில் 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவிலான நடுக்கம் வந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகளாக நீர்மட்டத்தையும் சிறு அதிர்வுகளையும் சேர்த்துப் பதிந்து வந்ததால்தான் நீர்த்தேக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் உள்ள தொடர்பை அங்கே எண்களில் பேச முடிகிறது. அதிர்வு வந்த பிறகு கருவியைக் கொண்டுபோய் வைத்தால், அதற்கு முன்பிருந்த அமைதியின் பதிவு கிடைக்காது.

கம்பளைக்கு மேலே, 87 மீற்றர் உயரக் கொத்மலை அணை 1985இலிருந்து நிற்கிறது. அது ஆபத்தில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. நான் கேட்பது பதிவை. ஹெய்ட்டியில் 2021 நடுக்கத்தின்போது பொதுமக்கள் வீடுகளில் வைத்திருந்த மலிவுக் கருவிகளின் தரவு முதல்தர ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தது. கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவைப் பாடசாலைகளில் அப்படிப்பட்ட கருவிகளை வைத்து, பேராதனை மாணவர்கள் மாதந்தோறும் வாசித்து, கொத்மலையின் நீர்மட்டத்தோடு ஒப்பிட்டு, எதுவும் நடக்காத மாதங்களையும் சேர்த்துத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடலாம். அந்த மாணவர்களின் உழைப்பைப் பட்டத்துக்கு உரிய ஆய்வாகப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் இது அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடிய வேலை.