முன்னேற்றமும் அபிவிருத்தியும்

சில மாதங்களுக்கு முன்னர் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு நான்கு ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்துத் தமிழில் எழுதுமாறு பணித்தேன். படையொன்று பகைவரை நோக்கிச் சென்றதை முதலாவது வாக்கியம் கூறிற்று. இடையில் நின்ற வேலை மீண்டும் நடைபெற்றதை இரண்டாவதும், நோயாளி ஒருவர் நாளுக்கு நாள் தேறி வருவதை மூன்றாவதும், கிராமமொன்று விருத்தியுற்றதை நான்காவதும் கூறின. ஆங்கிலத்தில் 'அட்வான்ஸ்', 'புரொசீட்', 'புரோகிரஸ்', 'டெவலப்' என நான்கு வேறு வினைகள். பெரும்பாலான விடைத்தாள்களில் நான்குக்கும் ஒரே சொல்லே நின்றது: முன்னேறுதல்.

பிள்ளைகளை நோவதிற் பயனில்லை. ஒருபொருட் பன்மொழி என்னும் இலக்கணக் குறியீட்டை நாமே அவர்களுக்குக் கற்பித்தோம். திவாகரம், பிங்கலம் முதலாய நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைச் செய்யுள் இயற்றுவோரின் தேவை கருதித் திரட்டித் தந்தன. அது பெரும் பணியே. ஆயினும் திரட்டித் தருதல் வேறு, வேறுபாடு காணல் வேறு. மக்கள் வழக்கில் இரு சொற்கள் நீண்டகாலம் அருகருகே வாழ்கின்றன என்றால், ஒன்று செய்யாத வேலையை மற்றது செய்கின்றது என்பதே அதன் பொருள்.

மேற்கூறிய நான்கு ஆங்கில வினைகளை எடுத்துக்கொள்வோம். 'புரோகிரஸ்' என்பது அடியெடுத்து வைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ஓர் இலக்கை நோக்கிப் படிப்படியாகச் செல்வதை அது குறிக்கும். 'அட்வான்ஸ்' என்பதில் எதிர்ப்பின் சாயல் உண்டு. படை செல்கின்றது, கடல் நிலத்தை மேவுகின்றது, எதிரேயுள்ளது பின்வாங்குகின்றது. உரிய காலத்துக்கு முன்னதாகக் கொடுப்பதும் அச்சொல்லாற் சுட்டப்படும். அப்பொருளிலேயே அது நமது கரைக்கு வந்து சேர்ந்தது. இங்கு 'அட்வான்ஸ்' என்றால் முற்பணம். படகுக்கும் இயந்திரத்துக்கும் முதலாளியிடம் முற்பணம் பெற்ற மீனவன், பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கு அவருக்கே கொடுக்கக் கடமைப்படுகின்றான். பணம் முன்னே செல்கின்றது, மனிதன் அதன் பின்னே இழுபடுகின்றான். 'புரொசீட்' என்பதோ விழுமியம் எதையும் கூறாது. விட்ட இடத்திலிருந்து மேற்செல்லுதல் என்பதே அதன் பொருள். திருடனும் மேற்செல்லலாம், நீதிமன்றமும் மேற்செல்லலாம். 'டெவலப்' என்பது சுற்றியிருந்ததை அவிழ்த்தல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. உள்ளே மடிந்து கிடந்தது விரிந்து வெளிப்படுதலையே முதலில் அது குறித்தது.

தமிழ் இவ்வேறுபாடுகளைச் சொல்ல மாட்டாத மொழியன்று. மேற்செல்லல், தொடர்தல், முன்னேறல், வளர்தல், மலர்தல், மேம்படல் என்பன ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிப் பொருள் கொண்டவை. 'முன்' என்ற சிறுசொல்லையே நோக்குவோம். இடத்தைக் குறிக்குங்கால் அது நமக்கு எதிரே இருப்பதைச் சுட்டும். காலத்தைக் குறிக்குங்கால் கழிந்துபோனதைச் சுட்டும். முன்னோர் இறந்தகாலத்தவர், பின்னோர் இனி வருபவர். ஆகவே முன்னேற்றம் என்ற சொல்லில் உள்ள 'முன்' கால முன்னன்று, இட முன். எவர் கண்ணுக்கு எதிரே என்ற வினா அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது. உடப்புக் கடற்கரையிற் கரைவலை இழுப்போர் கடலை நோக்கி நின்று, கயிற்றைப் பற்றியவாறு பின்னோக்கி நடந்தே வலையைக் கரைசேர்க்கின்றனர். அவர்கள் பின்னடைந்தனர் என எவரும் கூறார். திசையை மட்டும் கொண்டு நன்மையை அளத்தல் இயலாது.

இனி 'ஏறு' என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். கரையேறல், குடியேறல், வெளியேறல், முன்னேறல் என அது பல சொற்களைத் தந்துள்ளது. இவை யாவும் தன்வினைகள். ஏறுபவன் தானே ஏறுகின்றான். பிறர் ஏற்றினால் வினையும் மாறும்: கரையேற்றல், வெளியேற்றல், முன்னேற்றல். செய்தவன் யார் என்பதை மறைக்க இவ்வினை எளிதில் இடங்கொடாது. அபிவிருத்தியோ வடமொழி வழிவந்த பெயர்ச்சொல். வினையாக வேண்டின் அது 'செய்' என்பதையோ 'அடை' என்பதையோ துணைக்கழைக்க வேண்டும். அரசு அபிவிருத்தி செய்யும். பிரதேசம் அபிவிருத்தி அடையும். இவ்விரு வாக்கியங்களுள் எதிலும் அப்பிரதேசத்து மாந்தர் எழுவாயாக வருவதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

சொல்லொன்றின் உட்பொருளை அறிய அதன் எதிர்ச்சொல்லைத் தேடுதல் நல்லதொரு வழி. முற்போக்குக்கு எதிர்ச்சொல் பிற்போக்கு. முன்னேற்றத்துக்குப் பின்னடைவு. வளர்ச்சிக்குத் தேய்வு. அபிவிருத்திக்கு எதிர்ச்சொல் யாது? வகுப்பிற் கேட்டேன், ஆசிரியர் அறையிலுங் கேட்டேன். 'அபிவிருத்தியின்மை' என்றார் ஒருவர். அஃது இன்மையைக் கூறுகின்றதே தவிர, எதிரான செயலைக் கூறவில்லை. அபிவிருத்தி வராதிருக்கலாம், ஆனால் வந்த அபிவிருத்தி கேடு செய்யலாம் என்பதைச் சொல்ல வழக்கிலே ஒரு சொல் இல்லை. எதிர்ச்சொல் இல்லாத சொல்லோடு வழக்காடுதல் கடினம்.

இச்சொல்லின் அரசியல் வாழ்வுக்கு ஒரு வரலாறு உண்டு. 1949 ஜனவரி 20ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தமது பதவியேற்புரையில், உலகின் பெரும்பகுதியை விருத்தி குன்றிய பிரதேசங்கள் எனக் குறிப்பிட்டார். அவற்றுக்கு உதவுதல் வளம்மிக்க நாடுகளின் திட்டமாயிற்று. அதே 1949இல் சென்னையிலே தோன்றிய கட்சி தன் பெயரில் 'முன்னேற்றம்' என்பதைப் பொறித்துக்கொண்டது. 1936இல் இலக்னோவிற் கூடிய இந்திய எழுத்தாளரின் வழியில் 1954இல் இலங்கையில் அமைந்த சங்கமோ 'முற்போக்கு' என்பதைத் தெரிந்துகொண்டது. இரண்டையும் ஆங்கிலத்திற் பெயர்ப்போர் 'புரோகிரஸ்' என்ற ஒரே சொல்லின் வடிவங்களையே கையாளுகின்றனர். தமிழிலோ ஒன்று ஏறுதல், மற்றது போகும் திசை. 1972இல் கயானா நாட்டு வரலாற்றறிஞர் வால்டர் ரொட்னி, ஆபிரிக்காவை ஐரோப்பா குறைவிருத்தி செய்தது என்று தமது நூலின் தலைப்பிலேயே நிறுவினார். குறைவிருத்தி என்பது ஒரு நிலையன்று, ஒருவர் மற்றவர்க்குச் செய்த வினை என்பதை ஓர் இலக்கண மாற்றத்தாலேயே அவர் உணர்த்தினார். சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுமோ?

இவ்வளவையும் உலக விவகாரமாக விட்டுவிடாது நமது கரைக்கு வருவோம். சிலாபத்திலிருந்து புத்தளம் வரையுள்ள கரையோரத்தில் 1980களிலிருந்து இறாற் பண்ணைகள் பெருகின. கண்டற் காடுகள் பலவிடங்களில் வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது இறால்கள் மடிந்தன, குளங்கள் பல கைவிடப்பட்டன. நுரைச்சோலையில் 2006இல் வேலை தொடங்கிய நிலக்கரி மின்னிலையத்தின் முதலாவது பிரிவு 2011இலும் ஏனைய இரண்டும் 2014இலும் இயங்கத் தொடங்கின. 900 மெகாவாற் மின்சாரம் நாட்டுக்குக் கிடைக்கின்றது. அது வேண்டாமென எவரும் கூறார். ஆனால் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளையும் மணற்றோட்டங்களின் அருகே சாம்பல் பறக்கின்றதென அயலவர் முறையிடுகின்றனர். கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலாத் திட்டம் வரையப்பட்டபோது, தோணி இழுத்து வைக்கும் கரை இனி யாருடையது என்ற அச்சம் மீனவரிடையே எழுந்தது. 2017 ஏப்ரிலில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து உயிர்கள் பலியான பின்னர், கொழும்பின் குப்பை கொண்டுசெல்லப்பட்ட இடமும் புத்தளத்து அருவக்காடே. இவை யாவும் அபிவிருத்தி என்ற ஒரே சொல்லின் கீழேயே நம்மிடம் வந்தன.

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்குப் பின்னர் 'எமது பிரதேசத்தின் அபிவிருத்தி' என்ற தலைப்பிற் கட்டுரை எழுதச் சொன்னேன். இத்தலைப்பு நமது பாடசாலைகளிற் பழக்கமானது. வீதி வந்தது, மின்சாரம் வந்தது, நன்றி என்று முடிப்பதே மரபு. கரையோரக் குடும்பமொன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி இவ்வாறு எழுதியிருந்தாள்: எங்கள் ஊர் அபிவிருத்தி அடைந்தது, நாங்கள் பின்தங்கினோம். முன்னுக்குப்பின் முரண் எனக் கருதி அவ்வாக்கியத்தின் கீழ்ச் சிவப்புக் கோடிட்டேன். தாளைத் திருப்பிப் பெற்றவள், "ரெண்டும் உண்மைதானே, சேர்" என்றாள். வேறெதுவும் அவள் கூறவில்லை.

அன்றிரவு அவ்வாக்கியத்தை மீண்டும் படித்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. ஊர் என்பது ஓர் எழுவாய், நாங்கள் என்பது மற்றோர் எழுவாய். அவ்விரண்டும் ஒன்றே என்று நினைத்தது எனது பிழை. ஒருபொருட் பன்மொழி என்று நான் கற்பித்ததை அவள் தன் வாழ்க்கையைக்கொண்டு பிரித்துக் காட்டினாள்.

இங்கே நாமும் நம்மை வினவிக்கொள்ளல் தகும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் வாழத் தொடங்கினர். பின்னர் எழுதப்பட்ட எத்தனையோ தமிழ்ப் பந்திகளில் 'வெளியேறினர்' என்ற தன்வினையே காணப்படுகின்றது. வெளியேறினர் என்று எழுதுவோர்க்கும் வெளியேற்றப்பட்டனர் என்று எழுதுவோர்க்கும் இடையிலுள்ள தூரம் ஓர் ஒற்றெழுத்தின் தூரமன்று. தமிழிற் செய்தவனை மறைப்பது கடினம் என்று மேலே கூறினேன். மறைக்க விரும்புவோன் முயன்றால் அதுவும் கைகூடும் என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு. அரசாங்க அறிக்கையின் சொல்லை ஆராயும் நாம், நம்மவரின் சொல்லை ஆராயாது விடுதல் நேர்மையாகாது.

'முற்போக்கு' என்ற நமது சொல்லும் இச்சோதனைக்கு விலக்கன்று. 1960களில் எஸ். பொன்னுத்துரை நற்போக்கு என்ற சொல்லை எதிரே நிறுத்தியபோது, அதனைச் சொற்சிலம்பம் என ஒதுக்கியோர் உளர். நற்போக்கார் கூறிய அனைத்தும் நமக்கு உடன்பாடன்று. திசையைச் சுட்டும் சொல் விழுமியத்தைச் சுட்டுமோ என்று அப்பெயர் எழுப்பிய வினா மட்டும் நியாயமானது. முற்போக்கு என்பது அணியொன்றின் அடையாளச் சீட்டாகிவிட்டால், அது யாருடைய நடை என்று கேட்பார் இல்லாது போய்விடும். நல்கூர்ந்த மாணவன் படித்து உத்தியோகம் பெற்றுக் கொழும்புக்குச் செல்வதோடு முடியும் கதைகளை நாம் எத்தனை முறை முற்போக்குக் கதைகள் என வாழ்த்தினோம்! அவன் ஏறிவிட்டான், மெய்தான். அவன் தந்தையின் முற்பணக் கடன் அவ்விடத்திலேயே நிற்கின்றது. ஒருவனின் ஏற்றத்தை ஒரு சமூகத்தின் போக்காகக் காட்டும் கதை, ஊரையும் மக்களையும் ஒன்றாக்கும் அறிக்கையின் தவற்றையே வேறு வகையிற் செய்கின்றது.

எழுத்தாளரிடமும் ஆசிரியரிடமும் நான் வேண்டுவது பெரிதொன்றில்லை. அபிவிருத்தி என்ற சொல்லை விலக்குமாறு கூறேன்; அது வழக்கில் நிலைத்துவிட்டது. அச்சொல் வருமிடத்தில் எழுவாய் யார், செய்தவர் யார், அடைந்தவர் யார் என்று கேட்போம். மக்கள் தாமே நடந்தால் முன்னேறினர் என்போம். பிறர் கொண்டுவந்தால் கொண்டுவந்தவரைப் பெயரிடுவோம். நன்றோ தீதோ தெரியாத இடத்தில், மேற்சென்றது என்று மட்டும் எழுதி நிறுத்துவோம். இதனால் ஒரு கண்டற் காடு மீளாது. ஆனால் அழிந்ததை அழிந்தது என்று கூறும் ஆற்றலேனும் அடுத்த தலைமுறையிடம் எஞ்சும்.

மறுநாள் அம்மாணவியின் தாளைக் கேட்டு வாங்கினேன். சிவப்புக் கோட்டை அழிக்க இயலவில்லை. அதன் அருகே 'சரி' என்று எழுதிப் புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன்.