ஒரே கையெழுத்துப்படியில் எஞ்சிய மொழி

மாய மொழிக் குடும்பத்தைச் சார்ந்த சோல்த்தி, கௌதமாலா நாட்டின் தாழ்நிலக் காடுகளில் வழங்கிப் பின்னர் வழக்கொழிந்தது. அதனை அறிதற்கு நமக்குள்ள பெருஞ்சான்று ஒன்றே. அது பிரான்சிஸ்கோ மொரான் என்னும் பாதிரியார் பெயரால் வழங்குவதும் 1695ஆம் ஆண்டைச் சுட்டுவதுமாகிய கையெழுத்துப்படி. இலக்கணம், சொற்றொகுதி, சமயப் பாடம் ஆகிய மூன்றும் அதன்கண் உள.

2000ஆம் ஆண்டில் ஹூஸ்டன், ராபர்ட்சன், ஸ்டூவர்ட் என்போர், பண்டை மாயக் கல்வெட்டுகளின் மொழி சோல்த்திக்கும், இன்றும் வழங்கும் சோர்த்திக்கும் முன்னோர் என்றனர். இதனால் சோல்த்தி பெருமதிப்புப் பெற்றது. ஆயினும், கல்வெட்டைத் திறக்கும் கருவியாக மட்டுமே அம்மொழியை நோக்குதல் சாலுமா என்பதே ஈண்டு நம் வினா.

நிலையுணர்த்தும் வினைகளில் வரும் 'வன்' என்னும் ஈற்றை எடுத்துக்கொள்வோம். 'அமர்ந்தான்' எனப் பொருள்படும் கல்வெட்டுச் சொல்லில் இது பயில்கின்றது, சோல்த்தியிலும் உண்டு. ஆனால் மேற்கிலுள்ள சொந்தால் மொழியிலும் அது வழங்குதலின், 2004இல் ஹ்ரூபி, சைல்டு இருவரும் அதனைச் சொந்தாலின் செல்வாக்காகக் கருதினர். எனவே ஓர் ஈற்றின் ஒப்புமையே உறவை நிறுவிவிடாது.

மொழிபெயர்ப்பிலும் இவ்விழிப்பு வேண்டும். மாய மொழிகளில் 'உ' என்னும் முன்னொட்டுப் பெயரொடு வருங்கால் 'அவனுடைய' என உடைமை குறிக்கும். செயப்படுபொருள் குன்றா வினையொடு வருங்கால் வினைமுதலைக் குறிக்கும். இலத்தீன் வாய்பாட்டில் பழகிய கண் இவ்வொருமையை எளிதிற் காணாது. ஆதலின் மொரானின் விதிகளை அவ்வாறே ஏற்காது, அதே படியிலுள்ள சமயப் பாடத்தின் தொடர்களோடு ஒத்துநோக்குதல் இன்றியமையாதது. குரல்வளை அடைப்போடு பிறக்கும் மெய்களுக்கு இசுப்பானிய நெடுங்கணக்கில் தனியெழுத்தின்மையால், இன்றைய எழுத்தில் அதனைப் பெயர்த்தெழுதுதலும் ஒருவகைப் பொருள்கோடலேயாம்.

இங்கே பெரியதோர் இடர் உண்டு. சோல்த்தியில் தெளிவற்ற இடத்தைச் சோர்த்தியால் நிரப்பிவிட்டு, பின்னர் அவ்விரண்டின் ஒப்புமையையே உறவுக்குச் சான்றாகக் காட்டின், நிறுவ வேண்டியதையே முற்கொண்டதாகும். 2010இல் ராபர்ட்சன், லா, ஹேர்டல் ஆகியோர் இப்படியைப் பதிப்பித்தமை பாராட்டுக்குரியது. அதனைப் பயன்கொள்வோர் மூல எழுத்து, இசுப்பானியப் பொருள், தம் துணிபு என்னும் மூன்றையும் வேறுவேறாகக் காட்டுதல் வேண்டும். பேசுவார் எவருமில்லா மொழி தன்னைப் பற்றிய பிழையைத் தானே மறுத்துரைக்க இயலாது. அதற்காகப் பேசவேண்டியது ஆராய்வார்தம் நேர்மையே என்பது நம் முடிபு.