யாருகிட்ட குடுக்குறான் பாரு

கேப்டன் பந்தை ஒருத்தர் கையில் கொடுப்பதற்கும் அந்தப் பந்து பிட்ச்சில் விழுவதற்கும் நடுவில் ஒன்றிரண்டு நிமிஷம்தான். ஃபீல்டர்களை அங்கே இங்கே நகர்த்துவார்கள், பௌலர் ஓடிவரும் தூரத்தை அளப்பார், நடுவில் ஒரு விளம்பரம் வந்து போகும். எங்கள் சீர்காழியில் நடக்கிற நிஜமான கிரிக்கெட் விமர்சனம் முழுக்க அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பிறகு பேசுவதெல்லாம் விமர்சனம் மாதிரி இருக்கும், ஆனால் விமர்சனம் இல்லை.

டீக்கடையிலோ சலூனிலோ சென்னை ஆடும் மேட்ச் ஓடும்போது கேட்டுப்பாருங்கள். "யாருகிட்ட குடுக்குறான் பாரு" என்பதில்தான் தொடங்கும். ஜடேஜாவும் பதிரனாவும் சென்னைக்கு ஆடிய நாட்களில், உடனே ஒருத்தர் விரலை மடக்கிக் கணக்குப் போடுவார். ஒருத்தருக்கு நாலு ஓவர்தான், ஜடேஜாவுக்கு ஒண்ணு மிச்சம், பதிரனாவுக்கு ரெண்டு, அப்ப பதினேழு யாரு, பத்தொன்பது யாரு? பள்ளிக்கூடத்தில் கணக்கு வராமல் படிப்பை விட்டவர்கள் இதில் தப்பு பண்ணி நான் பார்த்ததில்லை. "ஜட்டுவுக்கு இப்பக் குடுக்கலாம்ண்ணே, எடதுகை ஆளு நிக்கிறான்" என்பான் ஒரு பையன். "எடதுகைக்கு எடதுகையா? உள்ள வர்ற பந்த லெக் சைடுல தூக்கிருவான்டா" என்பார் பெரியவர். இதில் வாதம் இருக்கிறது, மாற்று இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது. ஒரு புத்தக விமர்சனத்தில் வேறென்ன எதிர்பார்க்கிறோம்?

இந்தப் பேச்சின் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். பந்து விழுவதற்கு முன்னால் எல்லாரும் 'லாம்' போட்டுப் பேசுவார்கள். குடுக்கலாம், ஒரு ஓவர் பார்க்கலாம், ஸ்லோவா போடலாம். சிக்ஸ் போன அடுத்த நொடி அது 'ணும்' ஆகிவிடும். ஜட்டுவுக்குக் குடுத்திருக்கணும். அதே ஆள், அதே யோசனை. முன்னது நடக்கச் சாத்தியமுள்ள இரண்டு மூன்று வழிகளில் ஒன்றைச் சுட்டுகிறது. பின்னது வழியே ஒன்றுதான் இருந்தது, அதையும் பார்க்கத் தெரியாத முட்டாள் ஒருத்தன் தலைமை தாங்குகிறான் என்கிறது. கூடவே ஒரு "அப்பவே சொன்னேன்". சொல்லியிருக்கவே மாட்டார்.

2007 செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க். டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். ஹர்பஜனுக்கு ஒரு ஓவர் மிச்சம், ஆனால் அவருடைய முந்தைய ஓவரில் மிஸ்பா மூன்று சிக்ஸர் அடித்திருந்தார். தோனி பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார். முதல் பந்து வைடு. பிறகு ஒரு டாட், ஒரு சிக்ஸர். நாலு பந்தில் ஆறு ரன் வேண்டும் என்கிற இடத்தில் மிஸ்பா பின்னால் தூக்கி அடித்தது ஸ்ரீசாந்த் கையில் போய் விழுந்தது. அன்றிலிருந்து அது மேதைமையின் உதாரணம். அந்தப் பந்து ஸ்ரீசாந்துக்கு நாலு அடி தள்ளிப் போயிருந்தால் ஜோகிந்தர் என்ற பெயர் இந்த நாட்டில் ஒரு வசைச்சொல்லாக ஆகியிருக்கும். முடிவு அப்போதும் அதே முடிவுதான்.

இதெல்லாம் 'நடந்திருந்தால்' கதை, நிரூபிக்க முடியாது என்பீர்கள். நிரூபணம் 2013இல் கிடைத்தது, ஒரே வருஷத்தில், ஒரே கேப்டன், ஒரே பௌலர். ஜூன் 23, பர்மிங்ஹாம், சாம்பியன்ஸ் டிராபி இறுதி. மழையால் இருபது ஓவராகக் குறைந்த ஆட்டம். இங்கிலாந்துக்கு 18 பந்தில் 28 ரன். தோனி இஷாந்த் சர்மாவைக் கூப்பிட்டார். மார்கன் ஒரு சிக்ஸர் அடித்தார், அடுத்து இரண்டு வைடு. இந்தியா முழுக்க டிவியைப் பார்த்துத் திட்டியிருக்கும். அடுத்தடுத்த பந்துகளில் மார்கனும் போபாராவும் அவுட். இந்தியா 5 ரன்னில் ஜெயித்தது.

நாலே மாதம் கழித்து அக்டோபர் 19, மொகாலி. ஆஸ்திரேலியாவுக்கு 18 பந்தில் 44. மறுபடி இஷாந்த். ஃபாக்னர் அந்த ஓவரில் 30 ரன் அடித்தார், நாலு சிக்ஸர், ஒரு ஃபோர், ஒரு இரண்டு. மூன்று பந்து மிச்சமிருக்க ஆஸ்திரேலியா ஜெயித்தது. அதே ஆட்டத்தில் தோனி 139 நாட் அவுட். அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

இரண்டு இடத்திலும் மூன்று ஓவர் மிச்சம், இரண்டிலும் அதே கணிப்பு. பர்மிங்ஹாமில் அது துணிச்சல், மொகாலியில் மடத்தனம். வசை முழுவதும் இஷாந்த் தலையில். கேப்டனின் தைரியத்துக்குக் கிடைக்கிற புகழில் பௌலருக்குப் பங்கு கிடையாது, தோல்வியில் மட்டும் முழு உரிமை. நம்முடைய ரசனையில் இருக்கிற பெரிய கோளாறு இதுதான் என்று நினைக்கிறேன். பந்து யாரிடம் போகிறது என்பதைப் பற்றி அவ்வளவு பேசுகிறோம், அதை வாங்குகிறவனின் கையைப் பற்றிப் பேசுவதே இல்லை. விரல் ஈரமா, போன ஓவரில் அடி வாங்கியது இன்னும் மனசில் ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

சினிமாவும் இதைத் தொடவில்லை. 2024இல் வந்த 'லப்பர் பந்து' ஓரளவு நெருங்கியது. ஒரு பேட்ஸ்மேனின் பலவீனத்தைப் பற்றி ஒரு பௌலர் சொல்லும் ஒற்றைக் கருத்திலிருந்துதான் அதில் பகை முளைக்கிறது. விமர்சனத்துக்கு ஊரில் என்ன விலை என்று காட்டிய படம். ஆனாலும் பந்து கைமாறுகிற அந்த நிமிஷத்தை ஒரு காட்சியாக நிறுத்திப் பார்த்த படம் நமக்கு இன்னும் வரவில்லை.

எதிரணியின் முடிவைப் பார்க்கும்போது நாம் இன்னும் கொஞ்சம் நேர்மையாக இருக்கிறோம். 2019 மே 12 இறுதியில் மலிங்காவின் பதினாறாவது ஓவரில் 20 ரன். கடைசி ஓவரில் சென்னைக்கு 9 ரன் வேண்டும். ஹர்திக்குக்கு ஓவர் மிச்சமிருந்தும் ரோஹித் பந்தை மலிங்காவிடமே கொடுத்தார். மஞ்சள் சட்டைகளுக்கெல்லாம் சந்தோஷம், "மலிங்காவா, அப்ப முடிஞ்சிச்சு!" கடைசிப் பந்தில் ஷர்துல் எல்பிடபிள்யூ, ஒரு ரன்னில் தோல்வி. எங்கள் தெருவில் அன்று ராத்திரி ரோஹித்தைப் புகழ்ந்தவர் யாரும் இல்லை, ஆனால் "சரியாத்தான் குடுத்துட்டான்யா" என்று ஒருத்தர் சொன்னார். தோற்றவன் சொல்கிற பாராட்டு அது. கொஞ்சம் நம்பலாம்.

2023 இறுதியில் இன்னும் நுட்பமான ஒன்று நடந்தது. மே 29 இரவு தொடங்கி மழையில் ஊறி, மறுநாள் விடியற்காலை ஒன்றரை மணி தாண்டி முடிந்த ஆட்டம். கடைசி ஓவரில் 13 ரன் வேண்டும். மோஹித் சர்மா முதல் நாலு பந்தில் மூன்றே ரன் கொடுத்தார். அப்போது வெளியிலிருந்து தண்ணீர் வந்தது, பேச்சு வார்த்தை நடந்தது. கடையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒருத்தர் நிமிர்ந்து, "நல்லா போட்டுக்கிட்டு இருக்கவன்கிட்ட இப்ப என்ன பேச்சு?" என்றார். அடுத்த பந்து சிக்ஸர், அதற்கடுத்தது ஃபோர். பிற்பாடு கவாஸ்கரும் இதையேதான் விமர்சித்தார். வித்தியாசம் என்னவென்றால், எங்கள் ஆள் அதைப் பந்து விழுவதற்கு முன்னால் சொன்னார், அதுவும் தன் அணிக்குச் சாதகமான ஒரு தப்பைப் பார்த்து.

வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்திலேயே இருப்பதாலோ என்னவோ, எங்களுக்கு இந்த வித்தியாசம் கொஞ்சம் புரியும். நாடி ஜோசியத்தில் நடந்ததைச் சொல்வதை எல்லாரும் ரசிப்பார்கள், நடக்கப்போவதில்தான் ஆளின் தரம் தெரியும்.

கிரிக்கெட்டோடு முடிந்தால் பரவாயில்லை. கடைமடை ஊர் இது. மேட்டூர் ஜூன் 12 திறந்தாலும் தண்ணீர் இங்கே கடைசியாகத்தான் வரும். நேரடி விதைப்பா, நாற்றங்காலா, எந்த ரகம், எந்த வாரம் என்று ஒவ்வொரு விவசாயியும் வானத்தைப் பார்த்து எடுக்கிற முடிவு ஒரு கேப்டனின் முடிவுதான். 2022 நவம்பரில் ஒரே நாளில் சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டியது. சம்பா பயிர் தண்ணிக்குள் நின்றது. அந்த அளவு மழையை யாரும் கணக்கில் வைத்து விதைத்திருக்க முடியாது. இருந்தும் தண்ணி வடிவதற்கு முன்பே பேச்சு ஆரம்பித்துவிட்டது. முன்னாடியே வெதைச்சிருக்கணும். அந்த ரகம் போட்டிருக்கக் கூடாது. அதே 'ணும்'. கேப்டனுக்கு அடுத்த மேட்ச் உண்டு. நகையை அடகு வைத்து விதைத்தவரிடம் இந்த இலக்கணத்தில் பேசுவது வேறு விஷயம். முந்தின வருஷம் அதே ஆள் அதே வாரத்தில் விதைத்து நல்லா விளைந்தபோது "கெட்டிக்காரன்யா" என்று சொன்ன வாய்தான் இதுவும்.

புத்தகங்களுக்கும் இதைத்தான் செய்கிறோம். பரிசு அறிவிப்பு வந்த சாயங்காலம் ஒரு நாவலின் மேன்மை எல்லாருக்கும் தெரிந்துவிடும். வராத நாவலின் குறையும். அறிவிப்புக்கு முன்னால் அதே ஆட்கள் 'லாம்' போட்டு என்ன எழுதினார்கள் என்று தேடிப்பாருங்கள், அனேகமாக எதுவும் இருக்காது.

இப்போது அந்த இடைவெளியே சுருங்கிக்கொண்டு வருகிறது. கடையில் போனில் பார்க்கிறார்கள், எதிர்வீட்டில் கேபிள். கேபிள் சில நொடி முந்தி. இங்கே பௌலர் ஓடிவர ஆரம்பிக்கும்போதே எதிர்வீட்டில் "அய்யோ" கேட்டுவிடுகிறது. விரல் மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் பாதியில் நிறுத்திவிடுவார். போன சீசனில் அவர் கடைக்காரரிடம் போய், "அந்த வீட்டுல சத்தத்தக் கொறைக்கச் சொல்லு தம்பி, நான் இன்னும் யோசிச்சு முடிக்கல" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே போனின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.